ஊர்வனவும் குட்டிப் பாலூட்டிகளும்: உடம்பைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய், பூனை வளர்த்துப் பழகியவர்கள் ஒரு பாம்பையோ பல்லியையோ முயலையோ வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் சில வாரங்கள் திருதிருவென்று விழிப்பார்கள். பத்து நாளாகச் சாப்பிடவில்லை, தன் புழுக்கையைத் தானே தின்கிறது, கண் நீலமாகிவிட்டது, வால் கையோடு வந்துவிட்டது. இவற்றில் பாதி நோயே இல்லை. உடம்பின் அமைப்பு அப்படி. மீதிப் பாதியிலும் கிருமியைவிடக் கூண்டுதான் பெரும்பாலும் குற்றவாளி. உடம்பு கேட்பது ஒன்று, நாம் கொடுப்பது வேறொன்று. புதிதாக வளர்ப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளைக் கீழே எழுதியிருக்கிறேன்.

குளிர்ரத்தப் பிராணி என்றால் ரத்தம் சில்லென்று இருக்குமா?

இருக்காது. வெப்ப விளக்கின் அடியில் அரை மணி நேரம் படுத்துக் கிடந்த பியர்டெட் டிராகன் என்ற பல்லியின் முதுகைத் தொட்டுப் பாருங்கள், நம் உள்ளங்கையைவிடச் சூடாக இருக்கும். ஊர்வனவற்றால் உடம்புக்குள்ளேயே போதிய வெப்பத்தை உண்டாக்க முடியாது, வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும். அவ்வளவுதான் வித்தியாசம். இதில் பெரிய லாபம் உண்டு. அதே எடையுள்ள பாலூட்டி எரிக்கும் சக்தியில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு இவற்றுக்குப் போதும். பாம்பு வாரக்கணக்கில் பட்டினி கிடந்தும் அசராமல் இருப்பது இதனால்தான்.

நஷ்டமும் உண்டு. செரிமானம், நோய் எதிர்ப்பு, காயம் ஆறுவது எல்லாமே வெளி வெப்பத்தை நம்பியிருக்கின்றன. இரை விழுங்கிய பாம்பைக் குளிரில் விட்டால் நொதிகள் வேலை செய்யாது. இரை உள்ளேயே அழுக ஆரம்பிக்கும், பாம்பு அதைக் கக்கிவிடும். 1970களில் பாலைவன இகுவானா என்ற பல்லிகளுக்குப் பாக்டீரியாவை ஊசி போட்டுச் சோதித்தார்கள். நோய் கண்டவை தாமாகவே இன்னும் சூடான இடத்துக்கு நகர்ந்து உடல் வெப்பத்தை இரண்டு டிகிரி போல ஏற்றிக்கொண்டன. ஏற்றிக்கொள்ள வழி இல்லாதவை அதிகம் செத்தன. ஆக, இவற்றுக்கும் காய்ச்சல் வரும். ஆனால் அதை நடந்து போய் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதனால்தான் கூண்டு முழுக்க ஒரே வெப்பம் வைக்கக் கூடாது. ஒரு முனை சூடாகவும் மறு முனை மிதமாகவும் இருந்தால், எது வேண்டும் என்பதைப் பிராணியே முடிவு செய்துகொள்ளும். பியர்டெட் டிராகன் வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கலாம். பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்புக்குச் சூடான பக்கம் 31, 32 டிகிரி போதும். கையை வைத்துப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள், வெப்பமானி வையுங்கள். கீழிருந்து சுடும் வெப்பக்கல்லை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வெயில் மேலிருந்து வரும் என்றுதான் இந்த உடம்புக்குப் பழக்கம். வயிறு வெந்துகொண்டிருந்தாலும் சில பல்லிகள் அசையாமல் அதன் மேல் படுத்திருக்கும்.

பாம்பு தாடையைக் கழற்றிக்கொண்டுதான் விழுங்குகிறதா?

கழற்றுவதற்கு அங்கே எதுவும் பூட்டியிருக்கவில்லை. நம் கீழ்த்தாடை ஒரே எலும்பு. பாம்புக்கு இடது, வலது என்று இரண்டு தனித்தனிப் பகுதிகள். முகவாயில் அவை எலும்பாகச் சேராமல், நீளக்கூடிய நாரால் இணைந்திருக்கின்றன. பின்பக்கம் மண்டையோட்டுக்கும் கீழ்த்தாடைக்கும் நடுவே குவாட்ரேட் என்கிற எலும்பு கீல் போல ஆடுகிறது. எல்லாம் சேர்ந்துதான் தன் தலையைவிடப் பெரிய இரைக்கு வழிவிடுகின்றன.

என் கார்ன் ஸ்நேக் எலியை விழுங்கும்போது டார்ச் அடித்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வலது தாடை கொஞ்சம் முன்னே போய்ப் பிடிக்கும், அப்புறம் இடது, மறுபடி வலது. பற்கள் உள்நோக்கி வளைந்திருப்பதால் பிடித்தது பின்வாங்காது. இரை உள்ளே போகிறது என்பதைவிட, பாம்பு தன் தலையை இரையின் மேல் காலுறை போல மாட்டிக்கொள்கிறது என்றால் சரியாக இருக்கும். பாதி வழியில் வாயின் அடியிலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு குழாய் எட்டிப் பார்த்தது. முதல் தடவை குடல்தான் வெளியே வந்துவிட்டதோ என்று பதறிவிட்டேன். அது மூச்சுக்குழாயின் வாய். தொண்டை முழுக்க எலி அடைத்திருக்கும்போது அதை ஒரு பக்கமாக வெளியே நீட்டித்தான் பாம்பு மூச்சு விடுகிறது. விழுங்கி முடித்ததும் இரண்டு மூன்று கொட்டாவி விடும். தாடைகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருகிற வேலை.

உள்ளேயும் பெரிய மாற்றம் நடக்கிறது. பர்மிய மலைப்பாம்புகளில் இது நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது: இரை உண்ட ஓரிரு நாளில் சிறுகுடலின் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது, செரித்து முடித்ததும் மறுபடி சுருங்குகிறது. தேவைப்படும்போது மட்டும் கடையைத் திறக்கிற ஏற்பாடு. அந்த இரண்டு நாளும் பாம்பைக் கையில் எடுக்காதீர்கள்.

நாக்கை ஏன் நீட்டிக்கொண்டே இருக்கிறது? கடிக்கப் பார்க்கிறதா?

மோப்பம் பிடிக்கிறது. நாக்கு காற்றிலுள்ள மணத்துகள்களை ஒட்டி எடுத்து வாய்க்குள் கொண்டுபோகிறது. மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பு அதைப் படிக்கிறது. நாக்கு இரண்டாகப் பிளந்திருப்பதால் வலப்பக்க மணமா, இடப்பக்க மணமா என்று திசையும் தெரியும். பால் பைத்தானின் மேலுதட்டில் வரிசையாகக் குழிகள் தெரிகின்றனவே, அவை வேறு: எலியின் உடல் சூட்டை இருட்டிலேயே உணர்கிற குழிகள். நாக்கு நீட்டாமல் கழுத்தை எஸ் போல வளைத்துப் பின்வாங்குகிற பாம்பிடம்தான் கையை நீட்டக் கூடாது.

பாம்பின் கண் திடீரென்று நீலமாகிவிட்டது. குருடாகிறதா?

சட்டை உரிக்கப்போகிறது. பாம்புக்கு இமை கிடையாது; கண்ணின் மேல் கண்ணாடி போன்ற ஒரு செதில் நிலையாக மூடியிருக்கிறது. சட்டையோடு அதுவும் உரியும். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே திரவம் ஊறும்போது கண் பால் கலந்த நீலமாகத் தெரியும். நாலைந்து நாளில் தெளியும், அதற்குச் சில நாள் கழித்துச் சட்டை ஒரே துண்டாகக் கழன்று வரும். இந்த நாட்களில் பார்வை மங்கலாக இருப்பதால் சாதுவான பாம்பும் சீறும்.

உரித்த சட்டையை எடுத்துத் தலைப்பக்கம் பாருங்கள். இரண்டு சின்னக் கண்ணாடி வட்டங்களும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணிலேயே ஒட்டியிருக்கிறது. இடுக்கியால் பிய்க்க வேண்டாம், அடியிலிருக்கும் புதிய செதிலும் சேர்ந்து கிழிந்துவிடும். கூண்டில் ஈரப்பதத்தைக் கூட்டுங்கள். அடுத்த உரிப்பிலும் வரவில்லையென்றால் மருத்துவரிடம் போங்கள்.

பல்லிகள் துண்டு துண்டாக உரிக்கும், பல இனங்கள் உரித்ததைத் தின்றும்விடும். லெபர்ட் கெக்கோ என்ற பல்லிக்கு விரல் நுனிகளில் மிச்சத் தோல் நூல் போல இறுக்கி, ரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடும். ஒவ்வொரு உரிப்புக்குப் பிறகும் விரல்களை எண்ணிப் பாருங்கள். மற்ற கெக்கோக்களுக்கு இல்லாத அசையும் இமை இதற்கும் இதன் நெருங்கிய உறவுகளுக்கும் உண்டு. சுவரேற உதவும் ஒட்டும் பாதம்தான் கிடையாது.

பல்லியின் வால் அறுந்துவிட்டது. திரும்ப வளருமா?

இனத்தைப் பொறுத்தது. வால் முள்ளெலும்புகளுக்கு உள்ளேயே உடைவதற்கென்று பலவீனமான கோடுகள் இருக்கின்றன. பயந்தால் தசை இறுகி அங்கே முறியும், ரத்தம் அதிகம் வராது. லெபர்ட் கெக்கோவுக்குத் திரும்ப வளரும், ஆனால் உள்ளே எலும்புக்குப் பதில் குருத்தெலும்பு, வெளியே முள்ளங்கி மாதிரி ஒரு வடிவம். கிரெஸ்டட் கெக்கோவுக்கு வளரவே வளராது. வால் இல்லாமலே நன்றாக வாழும். பியர்டெட் டிராகனுக்கு இந்த வித்தையே தெரியாது, அதன் வால் போனால் அது காயம். லெபர்ட் கெக்கோ கொழுப்பை வாலில்தான் சேமிக்கிறது. வால் போனது சேமிப்பு போனதற்குச் சமம், கொஞ்ச நாள் தீனி கூட்டிக் கொடுங்கள்.

மலத்தோடு வெள்ளையாகச் சுண்ணாம்பு போல வருகிறதே?

அதுதான் சிறுநீர். நாம் கழிவு நைட்ரஜனை யூரியாவாகத் தண்ணீரில் கரைத்து வெளியேற்றுகிறோம். பாம்பும் பல்லியும் அதை யூரிக் அமிலமாக மாற்றிக் கெட்டியாகவே தள்ளிவிடுகின்றன, தண்ணீர் மிச்சம். மலம், சிறுநீர், முட்டை எல்லாமே குளோயக்கா என்கிற ஒரே பொதுவாய் வழியாகத்தான் வெளியேறும். வெள்ளைப் பகுதி மெத்தென்று இருந்தால் நல்லது. மணல் போல வறண்டு, மஞ்சள் பூத்திருந்தால் உடம்பில் தண்ணீர் குறைவு. நீடித்தால் யூரிக் அமிலம் மூட்டிலும் சிறுநீரகத்திலும் படியும்.

சிறுநீரகத்தைப் பற்றி இன்னொன்று. ஊர்வனவற்றில் பின்கால், வால் பகுதியின் ரத்தத்தில் ஒரு பங்கு நேராகச் சிறுநீரகத்துக்குப் போய்விட்டுத்தான் இதயத்துக்குத் திரும்புகிறது. அதனால் மருத்துவர்கள் ஊசியைப் பெரும்பாலும் உடம்பின் முன்பாதியில் போடுவார்கள். தொடையில் போடாமல் தோளில் போடுகிறாரே என்று சந்தேகப்பட வேண்டாம்.

ஊர்வனவற்றின் இதயத்துக்கு எத்தனை அறை?

மூன்று. இரண்டு மேலறை, ஒரு கீழறை. கீழறைக்குள் அரைகுறைத் தடுப்பு இருப்பதால் நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் நினைப்பது போல முழுக்கக் கலந்துவிடுவதில்லை. முதலைக்கு மட்டும் நான்கு அறைகள். அதை யாரும் வீட்டில் வளர்க்கப்போவதில்லை என்று நம்புகிறேன்.

ஜன்னலோரம் வெயில் படுகிறதே, தனியாக யுவிபி விளக்கு எதற்கு?

ஜன்னலில் கண்ணாடி இருக்கிறது, அதனால். பல்லி, ஆமைகளின் தோல் 290 முதல் 315 நானோமீட்டர் வரையான யுவிபி வகைப் புற ஊதாக் கதிரைக் கொண்டு வைட்டமின் டி3-இன் முன்வடிவத்தைச் செய்கிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுக்கத் தடுத்துவிடும். உள்ளே வருவது வெளிச்சமும் சூடும் மட்டுமே. தோலில் உண்டான அந்த முன்வடிவம் உடல் வெப்பத்தில் டி3 ஆகிறது, பிறகு கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் ஒவ்வொரு படி மாறுகிறது. கடைசியில்தான் குடலிலிருந்து கால்சியத்தை உறிஞ்சச் சொல்லும் ஹார்மோனாகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் தட்டில் எவ்வளவு கால்சியத் தூள் தூவினாலும் அது மலத்தோடு போய்விடும்.

ஆனால் இதயமும் நரம்பும் தசையும் கால்சியம் இல்லாமல் ஒரு நிமிடமும் ஓடாது. ரத்தத்தில் அளவு குறைந்தால் பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைத்து ஈடுகட்டும். வெளியே பல்லி சாதாரணமாகத்தான் திரியும். உள்ளே எலும்புக்கூடு உருகிக்கொண்டிருக்கும். முதலில் விரல்களில் மெல்லிய நடுக்கம். அப்புறம் உடம்பைத் தரையிலிருந்து தூக்க முடியாமல் இழுத்து நடப்பது, கால் வளைவது. தாடையை விரலால் லேசாக அழுத்தினால் ரப்பர் போல அமுங்கும். அந்த நிலையில் வந்த ஒரு இளம் இகுவானாவை நான் கையில் ஏந்தியிருக்கிறேன். எடுத்தவுடனே தெரிந்துவிட்டது, பல்லிக்குரிய விறைப்பே உடம்பில் இல்லை.

விளக்கு எரிகிறது என்பதற்காக யுவிபி வருகிறது என்று அர்த்தமில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளி குறையாமலே புற ஊதா குறைந்துபோகும். பலர் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்றுகிறார்கள். அளக்கிற கருவி இருந்தால் அளந்துவிட்டு மாற்றலாம். வளர்ப்புப் பூச்சிகளில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. கால்சியம் இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு என்ற கணக்குக்குக் கொண்டுவரத்தான் தூள் தூவுகிறோம். முழு எலியை விழுங்கும் பாம்புக்கு எலும்பும் கல்லீரலும் சேர்ந்தே போய்விடுவதால் இந்தத் தொல்லை அபூர்வம்.

ஆமை ஓட்டை விட்டு வெளியே வருமா?

வராது, வரவும் முடியாது. ஓடு ஆமையின் வீடு இல்லை, அதன் எலும்புக்கூடு. முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து இணைந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட எலும்புகளாக ஓடு ஆகியிருக்கின்றன. மேலே நகம் போன்ற கெராட்டின் தகடுகள் போர்த்தியிருக்கின்றன. நம் தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டுக்கு வெளியே இருக்கிறது, ஆமைக்கு உள்ளே. ஓட்டில் ரத்த ஓட்டமும் நரம்பும் உண்டு. தட்டினால் தெரியும், உடைந்தால் வலிக்கும். ஓட்டுக்குப் பெயின்ட் அடிப்பவர்களை என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

விலா எலும்பு அசையாது என்றால் எப்படி மூச்சு விடும்? கால்களுக்கு அருகிலும் வயிற்றிலும் உள்ள தசைகள் உள்ளுறுப்புகளை அழுத்தியும் இழுத்தும் நுரையீரலை இயக்குகின்றன. பாலூட்டிகளின் உதரவிதானம் போன்ற தசை இல்லாததால் ஆமையால் இருமிச் சளியைத் தள்ள முடியாது. அதனால் ஆமைக்கு நிமோனியா வந்தால் இருமல் கேட்காது. வேறு அடையாளம் பார்க்க வேண்டும்: மூக்கில் குமிழி, வாய் திறந்து மூச்சு விடுவது, நீரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதப்பது. சாய்ந்து மிதக்கும் நீராமையை நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

ஓட்டுத் தகட்டின் வளையங்களை எண்ணி வயது சொல்வது நம்பத்தக்கதல்ல. நன்றாகத் தீனி கிடைத்த பருவம் ஒவ்வொன்றும் ஒரு வளையம் போடலாம்.

என் பெண் பல்லி ஆணே இல்லாமல் முட்டை போட்டிருக்கிறது!

கோழி போடுவதில்லையா? அதே கதைதான், பெரும்பாலும் கருவில்லாத முட்டை. ஆனால் எப்போதும் அப்படி முடிந்துவிடுவதில்லை. சில பெண் ஊர்வன விந்தணுவை மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் சேமித்து வைக்கும்; சில ஆண் துணையே இல்லாமல் கருத்தரிக்கும். 2020-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சிச் சாலையில் 60 வயதைத் தாண்டிய பால் பைத்தான் ஒன்று ஏழு முட்டை இட்டது. பதினைந்து வருடத்துக்கும் மேலாக அதன் பக்கத்தில் ஆண் பாம்பே இல்லை.

கரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் முட்டை வெளியே வந்தாக வேண்டும். தோண்டி இடுவதற்கு ஈரமான மண்ணோ மணலோ இல்லையென்றால் பல்லி முட்டையை அடக்கிக்கொண்டே இருந்து, அடைத்து, செத்தும் போகும்.

குட்டி ஆணா பெண்ணா என்பதை வெப்பம் தீர்மானிக்கிறதாமே?

பல இனங்களில் ஆம். லெபர்ட் கெக்கோ முட்டைகளை 26 டிகிரியில் அடைவைத்தால் பெரும்பாலும் பெண், 32-33 டிகிரியில் பெரும்பாலும் ஆண், இன்னும் சூடேற்றினால் மறுபடி பெண். செங்காது ஆமைக்குக் கணக்கு எளிது: குளிர்ச்சிக்கு ஆண், சூட்டுக்குப் பெண். பியர்டெட் டிராகன் இரண்டுங்கெட்டான். அதற்குப் பாலினக் குரோமோசோம் உண்டு, ஆனால் முட்டை அதிகம் சூடானால் ஆண் குரோமோசோம் கொண்ட குட்டியும் பெண்ணாகவே பொரிக்கும், முட்டையும் இடும். ஆஸ்திரேலியக் காட்டிலேயே இப்படிப்பட்ட பெண்கள் திரிவதை 2015-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

முயலுக்கும் ஹாம்ஸ்டருக்கும் பல் வளர்ந்துகொண்டே இருக்குமா?

இருக்கும், ஆனால் ஒரே மாதிரி இல்லை. எலி, ஹாம்ஸ்டர் இரண்டுக்கும் முன் வெட்டுப்பற்கள் மட்டும் ஆயுள் முழுக்க வளரும். கடைவாய்ப் பற்கள் வளராது. முயல், கினிப்பிக், அடர்ந்த ரோமமுள்ள கொறிவிலங்கான சின்சில்லா மூன்றுக்கும் எல்லாப் பற்களும் வளரும். முயலின் வெட்டுப்பல் வாரத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் நீளும். இன்னொரு வேடிக்கை: முயல் கொறிவிலங்கே இல்லை. மேல் வெட்டுப்பற்களுக்குப் பின்னால் ஆணி போல இன்னும் இரண்டு குட்டிப் பற்கள் ஒளிந்திருக்கும். எலிக்கு அது கிடையாது.

ஹாம்ஸ்டரின் பல் மஞ்சளாக, ஆரஞ்சாக இருக்கிறதே, துலக்க வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். எனாமலில் இரும்பு கலந்திருப்பதால் வரும் நிறம் அது, பல்லுக்கு உறுதி தருவது. அந்த எனாமல் முன்பக்கம் மட்டும் தடிமனாக இருக்கிறது. பின்பக்கம் சீக்கிரம் தேயும். அதனால் பல் உளி போலத் தானே கூராகிக்கொள்ளும். முயலுக்கு வெள்ளைப் பல்தான் இயல்பு.

கண்ணுக்குத் தெரியும் முன்பல்லைவிடப் பின்னால் மறைந்திருக்கும் கடைவாய்ப் பல்தான் உயிரை வாங்கும். உலர்புல்லை மெல்லும்போது முயலின் கீழ்த்தாடை பக்கவாட்டில் அரைக்கல் போல ஓடும், பல் சீராகத் தேயும். மென்மையான தீவனக் குச்சிகளை அது நொறுக்கித்தான் தின்கிறது, அரைப்பதில்லை. தேயாத பல் ஓரத்தில் முள்ளாக நீளும். கீழ்ப்பல் முள் நாக்கைக் கிழிக்கும், மேல்பல் முள் கன்னத்தைக் குத்தும். கினிப்பிக்கில் இரண்டு பக்கக் கீழ்ப்பற்களும் நாக்கின் மேல் வளைந்து பாலம் போல மூடி, நாக்கை அசைக்கவே விடாது. பசியோடு தட்டுக்கு ஓடிவரும், மோந்து பார்க்கும், பின்வாங்கும். "சாப்பிட ஆசை இல்லை" என்று நினைப்போம். ஆசை இருக்கிறது, முடியவில்லை. முயலுக்கு ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிந்துகொண்டே இருந்தாலும் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். மேல்பல்லின் அடி, கண்ணீர் இறங்கும் குழாயை ஒட்டியே இருக்கிறது.

முயல் தன் புழுக்கையைத் தின்கிறது. தடுக்க வேண்டுமா?

தடுத்தால் நோய் வரும். முயலுக்கு இரண்டு வகைப் புழுக்கை. நாம் பெருக்கி அள்ளுகிற உருண்டையான காய்ந்த வகை ஒன்று. இன்னொன்றை நாம் பார்ப்பதே அபூர்வம்: பளபளப்பாக, மெத்தென்று, குட்டித் திராட்சைக் கொத்து போல. முயல் சும்மா இருக்கிற நேரத்தில் உட்கார்ந்தபடியே குனிந்து தலையைப் பின்கால்களுக்கு நடுவே விடும். ஒரு சிலிர்ப்பு, நிமிர்ந்ததும் வாய் சில நொடி அசையும், அப்புறம் ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்திருக்கும். ஆசனவாயிலிருந்து நேராக எடுத்து மெல்லாமல் விழுங்கியிருக்கிறது.

குடலில் ஒரு பிரிப்பு வேலை நடக்கிறது. பெரிய நார் நேராக வெளியே போய்க் காய்ந்த புழுக்கையாகிறது. நுண்ணிய துகளும் சாறும் பின்னோக்கித் தள்ளப்பட்டு, சீக்கம் என்கிற பெரிய பைக்குள் போகின்றன. அங்கே பாக்டீரியாக்கள் புளிக்க வைத்துப் பி வைட்டமின்களும் புரதமும் செய்கின்றன. ஆனால் அந்தப் பை சிறுகுடலைத் தாண்டி இருப்பதால், செய்த சத்தை உறிஞ்ச இன்னொரு சுற்று வர வேண்டும். மாடு அசைபோடுகிறது, முயல் இப்படிச் செய்கிறது. மென்புழுக்கை கூண்டில் நசுங்கிக் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும்: தீனி அதிகம், அல்லது உடல் பருமன், அல்லது முதுகு வலியால் குனிய முடியவில்லை.

இந்தக் குடல் நிற்கவே கூடாது. நார் குறைந்தாலோ வலி, பயம் வந்தாலோ அசைவு மந்தமாகும், வாயு சேரும், அந்த வலியில் இன்னும் சாப்பிடாது. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடவும் இல்லை, புழுக்கையும் இல்லை என்றால் அது அவசரம், நடுராத்திரியாக இருந்தாலும். வீட்டிலிருக்கும் மனித ஆன்டிபயாடிக்கை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பெனிசிலின் வகை, கிளிண்டமைசின் போன்றவை வாய்வழி போனால் சீக்கத்தின் நல்ல பாக்டீரியாவை அழிக்கும். நச்சு சுரப்பவை பெருகி முயலும் கினிப்பிக்கும் சில நாளில் செத்துவிடும்.

முயலைத் தூக்கும்போது முதுகு ஒடியும் என்கிறார்களே?

உண்மைதான். பூனையின் எலும்புக்கூடு உடல் எடையில் 12, 13 சதவீதம். முயலுடையது 7, 8 சதவீதம். மெல்லிய எலும்பு, பலமான பின்கால் தசை. பின்பாதி தொங்கும்படி தூக்கினால் உதைக்கும், அந்த உதையிலேயே இடுப்பு முள்ளெலும்பு முறியும். ஒரு கை மார்புக்கு அடியில், மறு கை பின்பகுதிக்கு அடியில், உங்கள் உடம்போடு அணைத்து. காதைப் பிடித்து ஒருபோதும் வேண்டாம்.

கினிப்பிக்குக்கு மட்டும் ஏன் வைட்டமின் சி?

நமக்கு ஏன் வேண்டுமோ அதே காரணம். குளுக்கோஸிலிருந்து வைட்டமின் சி தயாரிக்கும் கடைசி நொதி மனிதனுக்கும் இல்லை, கினிப்பிக்குக்கும் இல்லை. குறைந்தால் ஸ்கர்வி: மூட்டு வலித்து நடக்க மறுக்கும், ரோமம் சிலிர்த்து நிற்கும், ஈறு கசியும். குடிநீரில் கலப்பது வீண், சீக்கிரமே சிதைந்துவிடும்.

பெண் கினிப்பிக் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். குட்டிகள் ரோமத்தோடும் திறந்த கண்ணோடும், தாயின் உடம்புக்குச் சற்றும் பொருந்தாத பெரிய அளவில் பிறக்கும். வழிவிட இடுப்பெலும்பின் முன்இணைப்பு விரிய வேண்டும். ஏழெட்டு மாதம் வரை ஒரு முறையும் ஈனாத பெண்ணுக்கு அந்த இணைப்பு இறுகிவிடும். அதற்குப் பிறகு முதல் கர்ப்பம் என்றால் அறுவைச் சிகிச்சை வரை போகலாம். ஆணையும் பெண்ணையும் பிரித்து வையுங்கள்.

ஹாம்ஸ்டர் குளிரில் விறைத்துக் கிடக்கிறது. செத்துவிட்டதா?

அவசரப்பட்டுப் புதைக்காதீர்கள். குளிரும் இருட்டும் கூடினால் சிரிய ஹாம்ஸ்டர் உறக்கநிலைக்குப் போகும். மூச்சு ஒரு நிமிடத்துக்குச் சில தடவைதான். மீசையை உற்றுப் பாருங்கள், அசைகிறதா என்று. கையில் வைத்து மெதுவாகச் சூடேற்றினால் அரை மணி, ஒரு மணியில் நடுங்கிக்கொண்டே எழும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அட்டைப்பெட்டியில் வைத்து அழுதுகொண்டிருந்தபோது பெட்டிக்குள் கீறல் சத்தம் கேட்டது.

இடுப்பின் இருபக்கமும் கறுப்பாகத் தெரியும் புள்ளி கட்டி இல்லை, மணச்சுரப்பி. கன்னப்பை தோள் வரை போகும். வளர்ப்புச் சிரிய ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை 1930-இல் அலெப்போ அருகே பிடிக்கப்பட்ட ஒரே ஈற்றின் வாரிசுகள் என்பது உபரித் தகவல்.

எலியின் கண்ணில் ரத்தம் வடிகிறது.

பெரும்பாலும் ரத்தம் இல்லை. கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பி போர்ஃபிரின் என்ற சிவப்புப் பொருளைக் கண்ணீரோடு விடுகிறது. கொஞ்சம் இருந்தால் இயல்பு. கண்ணையும் மூக்கையும் சுற்றி அப்பிக்கிடந்தால் எலி எதனாலோ அவதிப்படுகிறது, பெரும்பாலும் மூச்சுக்குழல் நோய். பல்லை நறநறவென்று தேய்த்தபடி கண்ணை உள்ளும் வெளியும் துள்ளவிடுவது வேறு விஷயம். தாடைத் தசை கண்ணுக்குப் பின்னால் ஓடுவதால் வருவது, அநேகமாகச் சந்தோஷம்.

சுகர் கிளைடர், முள்ளெலி, சின்சில்லா, ஃபெரெட் எல்லாம் ஒரே கணக்குதானே?

இல்லவே இல்லை. சுகர் கிளைடர் கங்காருவின் உறவு: 16 நாள் கர்ப்பம், பிறகு சுமார் பத்து வாரம் பையில். ஆணின் உச்சந்தலை வழுக்கை நோயல்ல, மணச்சுரப்பி. முள்ளெலிக்கும் முள்ளம்பன்றிக்கும் உறவே கிடையாது. உடம்பைச் சுற்றிய வளையத் தசையைச் சுருக்குப்பை போல இழுத்துப் பந்தாகிவிடுவதால், மயக்கம் கொடுக்காமல் அதன் வயிற்றை மருத்துவர் பார்ப்பதே கடினம். சின்சில்லாவுக்கு ஒரே மயிர்க்காலிலிருந்து அறுபது முடி வரை முளைக்கும். நனைந்தால் காயாது, அதனால் நுண்ணிய தூசியில் புரள விட வேண்டும். 30 டிகிரி வெயில் நமக்குச் சாதாரணம், அதற்கு எமன்.

கீரி போன்ற உடம்புள்ள ஃபெரெட் இவற்றோடு சேரவே சேராது, அது முழு மாமிசப் பிராணி. சீக்கமே இல்லை, தின்றது மூன்று நாலு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். பெண் ஃபெரெட் பருவத்துக்கு வந்து இணை சேராவிட்டால் பருவம் மாதக்கணக்கில் நீளும். ஈஸ்ட்ரோஜன் எலும்பு மஜ்ஜையை அமுக்கி, ரத்தசோகையில் சாகும். உங்களுக்கு ஃப்ளூ என்றால் அதைக் கொஞ்சாதீர்கள். மனித இன்ஃபுளுவென்சா வைரஸை 1933-இல் முதலில் பிரித்தெடுத்தது ஃபெரெட்டுகளுக்குத் தொற்றவைத்துத்தான்.

நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று செத்துவிட்டது. எப்படி?

நேற்று நன்றாக இருந்திருக்காது. இவை எல்லாமே பெரிய பிராணிகளுக்கு இரையாகிறவை. சோர்ந்து தெரிந்தால் முதலில் பிடிபடுவது அதுதான். அதனால் நின்று தாங்க முடிகிற வரை ஒன்றும் காட்டாது. ரோமமும் செதிலும் மெலிவையும் மறைத்துவிடும். கண்ணை நம்பாமல் கிராம் காட்டுகிற தராசு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில், தேதி போட்டு எழுதுங்கள். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்திருந்தால் மற்ற அடையாளத்துக்குக் காத்திருக்க வேண்டாம். சட்டை உரிப்பும் முட்டையும் இருந்தால் அதையும் அதே தாளில் குறித்து வையுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாள், கூண்டின் புகைப்படம், சூடான முனை, குளிர்ந்த முனை இரண்டின் வெப்ப அளவு, விளக்கு மாற்றிய தேதி, புதிதாகக் கழித்த மலம் ஒரு சின்ன டப்பாவில். ஊர்வனவாக இருந்தால் துணிப்பையில் போட்டு, வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்துக் கொண்டுபோங்கள்.